மூலிகை என்கிற நற்சான்றிதழ்

பிப்ரவரி 16, 2003. அமெரிக்காவின் ஃப்ளோரிடா மாநிலத்தில் உள்ள ஃபோர்ட் லாடர்டேல் நகரில், பால்டிமோர் ஓரியோல்ஸ் என்ற பேஸ்பால் அணியின் பயிற்சி முகாம். ஓட்டப் பயிற்சியின்போது ஸ்டீவ் பெக்லர் என்கிற பந்து வீச்சாளர் தள்ளாடி நின்றார். மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட அவருடைய உடல் வெப்பம் 108 டிகிரி ஃபாரன்ஹீட் வரை ஏறியது. உள்ளுறுப்புகள் ஒவ்வொன்றாகச் செயலிழந்தன. மறுநாள் இறந்துபோனார். வயது 23. அவருடைய மனைவி அப்போது கர்ப்பிணி.

வெப்பத் தாக்குதல்தான் மரணத்துக்குக் காரணம். ஆனால் ஆரோக்கியமான ஓர் இளைஞனை வெயில் இவ்வளவு சுலபத்தில் கொன்றுவிடுமா? பெக்லருக்கு உடல் எடை அதிகம். ரத்த அழுத்தப் பிரச்னை இருந்தது. எடையைக் குறைக்கச் சாப்பாட்டைக் குறைத்திருந்தார். இவற்றோடு, எடை குறைப்பதற்கென்று விற்கப்பட்ட ஒரு மாத்திரையையும் விழுங்கி வந்தார். இத்தனையும் சேர்ந்தே அவரைக் கொன்றன என்ற மருத்துவப் பரிசோதகர், அந்த மாத்திரையில் இருந்த எபிட்ரா என்ற மூலிகைக்கும் இதில் பங்கு உண்டு என்று அறிவித்தார்.

மூலிகை. இந்த ஒரு சொல்லைச் சுற்றித்தான் முழுக் கதையும் இருக்கிறது.

எபிட்ரா ஒரு குத்துச்செடி. இலை என்று சொல்லும்படி எதுவும் கிடையாது. துடைப்பக் குச்சிகளைக் கட்டி வைத்ததுபோல் இருக்கும். சீனர்கள் இதை மாஹுவாங் என்பார்கள். இதன் உறவுச் செடிகள் நம் இமயமலையில், லடாக்கிலும் லாஹௌலிலும் வளர்கின்றன. வேதங்கள் பாடும் சோமச்செடி இதுதான் என்று வாதிடும் அறிஞர்கள் உண்டு. இரானின் யஸ்த் நகர ஜொராஸ்ட்ரியர்கள் இன்றும் சடங்குகளில் இதன் குச்சிகளை இடித்துப் பயன்படுத்துகிறார்கள். ஆக, ரிஷிமூலம் தேடினால் எபிட்ராவுக்குக் குறையொன்றுமில்லை.

சீன வைத்தியத்தில் சளி, இருமல், இழுப்பு ஆகியவற்றுக்கு மாஹுவாங்கை வேறு மூலிகைகளோடு சேர்த்துக் காய்ச்சிக் கொடுத்தார்கள். வியர்க்க வைத்துக் காய்ச்சலைத் தணிப்பது அதன் வேலை. வியர்த்தவுடன் நிறுத்திவிட வேண்டும். தானாகவே வியர்த்துக் கொட்டும் நோயாளிக்குக் கொடுக்கக்கூடாது என்ற எச்சரிக்கையும் பழைய சீன மருத்துவ நூல்களில் உண்டு. 1885ல் ஜப்பானிய வேதியியல் அறிஞர் நாகாய் நாகாயோஷி இந்தச் செடியிலிருந்து எபிட்ரின் என்ற வேதிப்பொருளைப் பிரித்தெடுத்தார். 1920களில் பீகிங்கில் கே.கே. சென், கார்ல் ஷ்மிட் இருவரும் அதை ஆராய்ந்து மேற்கத்திய மருத்துவத்துக்கு அறிமுகம் செய்தார்கள். பிறகு பல பத்தாண்டுகள் ஆஸ்துமா நோயாளிகளுக்கு எபிட்ரின் மாத்திரைகள் கொடுக்கப்பட்டன. இதயத்தை அதிகம் தொந்தரவு செய்யாத மருந்துகள் வந்ததும் மருத்துவர்கள் அதை ஒதுக்கிவிட்டார்கள்.

மருத்துவர்கள் ஒதுக்கியதை வியாபாரிகள் எடுத்துக்கொண்டார்கள். இம்முறை அதற்கு வைத்த பெயர் மருந்து அல்ல, 'துணை உணவு'.

1994ஆம் ஆண்டை நினைத்துப் பாருங்கள். அந்த ஜூன் மாதம் அமெரிக்காவில் உலகக் கோப்பைக் கால்பந்துப் போட்டி. அர்ஜென்டினாவின் மாரடோனாவுடைய சிறுநீரில் எபிட்ரினும் அதன் இனப் பொருள்களும் இருப்பது தெரிந்து அவரை வெளியேற்றினார்கள். அவருடைய ரசிகர்கள் இங்கும் கண்ணீர் விட்டார்கள். அதே ஆண்டு அக்டோபர் மாதம் அதே அமெரிக்காவில் ஜனாதிபதி கிளின்டன் ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டார். மூலிகை, வைட்டமின் போன்றவற்றை உணவுத் துணைப்பொருள்கள் என்று வகைப்படுத்திய சட்டம் அது. மருந்து என்றால், விற்பனைக்கு வரும் முன்பே அது பாதுகாப்பானது, பலனளிப்பது என்று கம்பெனி நிரூபிக்க வேண்டும். துணை உணவுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. அது ஆபத்தானது என்று நிரூபிக்கும் பொறுப்பு அரசாங்கத்தின் தலையில் விழுந்தது. அதாவது, முதலில் விற்கலாம். யாருக்காவது ஏதாவது ஆனால் பிறகு பார்க்கலாம். மைதானத்தில் ஊக்க மருந்தாக இருந்த அதே பொருள், கடை அலமாரியில் உணவாகிவிட்டது.

இந்த உணவு உடம்புக்குள் என்ன செய்கிறது? புலி துரத்தினால் உடம்பு எப்படித் தயாராகுமோ, அப்படித் தயாராகச் சொல்கிறது. நரம்பு முனைகளிலிருந்து நார்அட்ரீனலின் வெளியேறுகிறது. இதயம் வேகமாகத் துடிக்கிறது. ரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. ரத்த அழுத்தம் ஏறுகிறது. பசி அடங்குகிறது, தூக்கம் போகிறது, உடம்பில் சூடு கூடுகிறது. உற்சாகம் என்று நாம் நினைத்துக்கொள்வது இந்தக் கலவரத்தைத்தான். சூடு கூடும்போது தோலுக்கு அதிக ரத்தம் பாய்ந்து, அந்தச் சூட்டை வெளியேற்ற வேண்டும். ஆனால் குழாய்கள் சுருங்கியிருப்பதால் அது சரிவர நடப்பதில்லை. அடுப்பை ஏற்றிவிட்டு ஜன்னலைச் சாத்துவதுபோல. வெயிலில் ஓடுகிறவருக்கு இது என்ன செய்யும் என்று விளக்க வேண்டியதில்லை. போதாக்குறைக்கு, இந்த மாத்திரைகளில் பெரும்பாலும் காபியின் வீரியப் பொருளான கேஃபீனையும் சேர்த்தார்கள். இரண்டும் ஒன்றுக்கொன்று தூபம் போடும்.

மாத்திரை எவ்வளவு என்பதாவது தெரிந்ததா? அதுவும் இல்லை. எபிட்ரா கலந்த 20 தயாரிப்புகளை ஆராய்ச்சியாளர்கள் சோதித்து 2000ல் முடிவுகளை வெளியிட்டார்கள். பாதித் தயாரிப்புகளில் லேபிளில் போட்டிருந்த அளவுக்கும் உள்ளே இருந்த அளவுக்கும் 20 சதவிகிதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தது. ஒரே கம்பெனியின் ஒரு பாட்டிலுக்கும் அடுத்த பாட்டிலுக்குமே வித்தியாசம். செடியில் மண்ணுக்கும் பருவத்துக்கும் ஏற்பச் சத்து மாறும் என்பது நம் நாட்டு மருந்துக்கடைக்காரருக்குக்கூடத் தெரிந்த விஷயம்.

அதே ஆண்டின் இறுதியில் அமெரிக்காவின் பிரபல மருத்துவ இதழில் இன்னொரு ஆய்வு வந்தது. எபிட்ராவால் பாதிக்கப்பட்டதாக அரசுக்கு வந்த 140 புகார்களை ஹாலர், பெனோவிட்ஸ் என்ற இரு மருத்துவர்கள் அலசியிருந்தார்கள். 31 சதவிகிதப் பாதிப்புகளுக்கு எபிட்ரா நிச்சயமாகவோ பெரும்பாலுமோ காரணம். இன்னொரு 31 சதவிகிதத்தில் காரணமாக இருக்கக்கூடும் என்றார்கள். அவர்கள் பட்டியலிட்டவற்றில் பத்து மரணங்கள். பதின்மூன்று பேருக்கு நிரந்தர ஊனம். ரத்த அழுத்தம், படபடப்பு, பக்கவாதம், வலிப்பு என்று நீண்டது பட்டியல்.

கம்பெனிகள் சும்மா இருந்தனவா? மெட்டபோலைஃப் என்ற நிறுவனம் எபிட்ரா மாத்திரை விற்றுப் பணம் குவித்தது. கடுமையான பாதிப்பு பற்றி ஒரு புகார்கூடத் தங்களுக்கு வந்ததில்லை என்று அரசிடம் சொல்லியிருந்தது. 2002ல் நெருக்கடி முற்றிய பிறகுதான் புகார்க் கோப்புகளை ஒப்படைத்தது. நாடாளுமன்றக் குழு எண்ணிப் பார்த்தபோது 14,684 புகார்கள். அவற்றில் 18 மாரடைப்பு, 26 பக்கவாதம், 43 வலிப்பு, 5 மரணம். அரசிடம் பொய் சொன்னதற்காக அதன் நிறுவனர் 2008ல் ஆறு மாதச் சிறைத் தண்டனை பெற்றார்.

உணவு மற்றும் மருந்து நிர்வாகம் தூங்கிக்கொண்டிருந்தது என்றும் சொல்ல முடியாது. 1997லேயே ஒரு வேளைக்கு 8 மில்லிகிராமுக்குக் குறைவாகத்தான் இருக்க வேண்டும் என்று கட்டுப்பாடு கொண்டுவர முயன்றது. ஆதாரம் போதாது என்ற எதிர்ப்பு கிளம்பியதால் 2000ல் அந்த யோசனையைக் கைவிட நேர்ந்தது. 2001ல் அமெரிக்கக் கால்பந்து லீக் தன் வீரர்களுக்கு எபிட்ராவைத் தடை செய்தது. 2002ல் இல்லினாய் மாநிலத்தில் 16 வயதுப் பள்ளி மாணவன் ஒருவன் இறந்தான். மறு ஆண்டு மே மாதம் அந்த மாநிலம் முதலாவதாகத் தடைச் சட்டம் போட்டது. பெக்லரின் மரணம் நாட்டையே உலுக்கியது. கடைசியில் 2003 டிசம்பர் 30 அன்று தடை அறிவிக்கப்பட்டு, 2004 ஏப்ரல் 12 முதல் அமலுக்கு வந்தது. அதற்குள் எபிட்ராவோடு தொடர்புபடுத்தப்பட்ட மரணங்கள் 155. வழக்குப் போட்டு 2005ல் ஒரு கம்பெனி தற்காலிகமாக ஜெயித்தது. 2006ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தடையை உறுதி செய்தது.

இத்தனை ஆபத்துக்கும் கிடைத்த லாபம் என்ன? 2003ல் ராண்ட் ஆய்வு நிறுவனம் கணக்குப் பார்த்தது. எபிட்ரா சாப்பிட்டவர்கள், வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களைவிட மாதத்துக்குச் சுமார் 0.9 கிலோ கூடுதலாக எடை இழந்தார்கள். அவ்வளவுதான். ஆறு மாதத்துக்கு மேல் அந்த இழப்பு நிலைத்ததற்குச் சான்று இல்லை. படபடப்பும் மனக் கலக்கமும் வயிற்றுத் தொந்தரவும் ஏற்படும் வாய்ப்போ இரண்டு மூன்று மடங்கு அதிகம். 2001ல் அமெரிக்காவின் விஷமுறிவு மையங்களுக்கு மூலிகைகளால் நேர்ந்த பாதிப்பு என்று வந்த புகார்களில் 64 சதவிகிதம் எபிட்ரா தயாரிப்புகளால். மூலிகை விற்பனையில் அவற்றின் பங்கு ஒரு சதவிகிதத்துக்கும் குறைவு.

இந்த அமெரிக்கத் தடையில் ஒரு விதிவிலக்கு இருக்கிறது. பாரம்பரிய ஆசிய மருத்துவர்கள் தங்கள் முறைப்படி மாஹுவாங்கை உபயோகிக்க அது குறுக்கே நிற்கவில்லை. யோசித்தால் நியாயம் புரியும். வைத்தியரின் கையில் அது மருந்து. அளவு உண்டு, காலம் உண்டு, யாருக்குக் கூடாது என்ற விதி உண்டு. அதே செடியை வீரியமேற்றிப் பாட்டிலில் அடைத்து, மெலிய வேண்டும் என்று ஆசைப்படுகிற எல்லோருக்கும் விற்றபோது இந்த மூன்றும் காணாமல் போயின. செடி மட்டும் மிஞ்சியது.

மொழிபெயர்ப்பு வேலையில் இருப்பவர்களுக்குச் சொற்கள்மீது சந்தேகம் இயல்பு. தமிழில் 'மருந்து' என்ற சொல் எவ்வளவு நேர்மையானது என்று கவனித்திருக்கிறீர்களா? நோய் தீர்ப்பதும் மருந்து; பூச்சியைக் கொல்வதும் மருந்து; வெடிப்பதும் மருந்து. சோற்றில் ரகசியமாகக் கலந்து வசியம் செய்வதை இடுமருந்து என்றார்கள். எது குணமாக்க வல்லதோ அது கெடுக்கவும் வல்லது என்ற அறிவு அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. அதனால்தான் மருந்து என்றதும் நம் பாட்டிகள் பத்தியம் பற்றிப் பேசினார்கள். 'மூலிகை' என்ற சொல்லுக்கும் ஒரு காலத்தில் அந்தக் கம்பீரம் இருந்தது. இன்று விளம்பரத்தில் அது ஒரு நற்சான்றிதழ். 'மூலிகையால் ஆனது, எனவே பக்கவிளைவு அற்றது' என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறார்கள். இந்த 'எனவே'யில்தான் மோசடி. எட்டிக்கொட்டை மூலிகைதான். ஊமத்தை மூலிகைதான். புகையிலையும் செடிதான். ஒரு பொருள் எங்கிருந்து வந்தது என்பதை மட்டுமே மூலிகை என்ற சொல் தெரிவிக்கும். உள்ளே போய் என்ன செய்யும் என்பதற்கு அந்தச் சொல்லிடம் பதில் இல்லை.

அமெரிக்கர்களின் கதை நமக்கெதற்கு என்று கேட்கலாம். எபிட்ராவுக்கு ஆபத்து வந்ததும் அந்தச் சந்தை மூடிவிடவில்லை. 'எபிட்ரா இல்லாதது' என்று பெரிய எழுத்தில் போட்டுக் கசப்பு ஆரஞ்சிலிருந்து எடுத்த சினெஃப்ரினை விற்றார்கள். அதுவும் எபிட்ரினின் தூரத்து உறவுதான். பிறகு ஜெரேனியம் செடியிலிருந்து வந்தது என்ற பெயரில் டி.எம்.ஏ.ஏ. என்ற ரசாயனம் வந்தது. 2012ல் லண்டன் மாரத்தானில் ஓடிய 30 வயதுப் பெண் ஒருவர், முடிவுக் கோட்டுக்கு ஏறக்குறைய ஒரு மைல் முன்னால் சரிந்து விழுந்து இறந்தார். அவர் குடித்த பானத்தில் டி.எம்.ஏ.ஏ. கலந்த பொடி இருந்தது. அந்தக் கடும் உழைப்போடு அந்தப் பொருளும் சேர்ந்ததே மரணத்துக்குக் காரணம் என்று விசாரணை முடிவு சொன்னது. பெயர் மாறுகிறது, செடி மாறுகிறது. இதயத்தை விரட்டும் வேலை மாறுவதில்லை.

நம் செடி ஒன்றும் இந்தக் கதையில் சிக்கிக்கொண்டது. ஆயுர்வேதத்தில் 'பலா' என்றொரு செடி உண்டு. பலாப்பழத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பலம் தருவது என்று பொருள். கேரளத்தின் க்ஷீரபலா தைலத்தில் சேர்வது. இதில் சிறிதளவு எபிட்ரின் உண்டு. தைலமாகவும் கஷாயமாகவும் வைத்தியர்கள் பயன்படுத்திய இதையும் சாறு பிழிந்து எடை குறைக்கும் மாத்திரைகளில் சேர்த்தார்கள். அமெரிக்கத் தடையாணையில் அதன் பெயரும் ஏறியது.

இந்தியாவில் சட்டம் இல்லாமல் இல்லை. எபிட்ரின், போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கீழ் கட்டுப்படுத்தப்பட்ட பொருள். நோய்களைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதைத் தடுக்க 1954லேயே ஒரு சட்டம் போட்டார்கள். அதன் பட்டியலில் உடல் பருமனும் இருக்கிறது. சட்டப்படி பார்த்தால், பத்தே நாளில் தொப்பை கரையும் என்ற பேருந்து நிலையச் சுவரொட்டிகள் எல்லாமே குற்றம். 2016ல் வந்த உணவுப் பாதுகாப்பு விதிகள், துணை உணவுகளின் லேபிளில் 'மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல' என்று அச்சிட வேண்டும் என்றன. அச்சிடுகிறார்கள். அதைப் படிக்கப் பூதக்கண்ணாடி வேண்டும். எதிரிலேயே கட்டுமஸ்தான இளைஞனின் படம் சிரிக்கிறது.

இன்னொரு ஆபத்து, லேபிளில் எதுவுமே சொல்லாத ஆபத்து. சிபுட்ராமின் என்ற எடை குறைப்பு மருந்து மாரடைப்பு, பக்கவாத அபாயம் காரணமாக 2010ல் அமெரிக்காவிலும் 2011ல் இந்தியாவிலும் விலக்கப்பட்டது. அதற்குப் பிறகும் 'சுத்த மூலிகை' என்று விற்கப்பட்ட மாத்திரைகளில் அதை ஒளித்துக் கலந்திருப்பதை அமெரிக்க அதிகாரிகள் திரும்பத் திரும்பக் கண்டுபிடித்திருக்கிறார்கள். ஒரு மூலிகை மாத்திரை இரண்டே நாளில் பசியை அடக்கி, தூக்கத்தை விரட்டினால், அதன் மகிமையை வியப்பதற்கு முன் சந்தேகப்படுவது நல்லது.

ஜிம்முக்குப் போகும் பையனிடமோ, கல்யாணத்துக்குள் மெலிய வேண்டும் என்று தவிக்கும் பெண்ணிடமோ 'இதையெல்லாம் தொடாதே' என்று சொன்னால் கேட்கப் போவதில்லை. சில கேள்விகளைக் கேட்கச் சொல்லலாம். இதில் என்னென்ன இருக்கின்றன, ஒவ்வொன்றும் எத்தனை மில்லிகிராம்? 'தனிப்பட்ட கலவை' என்று சொல்லி அளவை மறைத்திருந்தால் அந்தப் பாட்டிலை வைத்துவிட்டு வந்துவிடலாம். கேஃபீன் இருக்கிறதா? இருந்தால், காலையில் குடித்த இரண்டு காபியையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ரத்த அழுத்தம், இதய நோய், தைராய்டு மிகைப்பு, கண் அழுத்தம் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் இந்த ஊக்கிகளின் பக்கமே போகக்கூடாது. மனச்சோர்வுக்கு மருந்து எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடக்கூடாது. சில வகை மருந்துகளோடு சேர்ந்தால் ரத்த அழுத்தம் எகிறிவிடும். அறுவை சிகிச்சைக்கு முன் மயக்க மருந்து கொடுப்பவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். டாக்டர் 'என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள்?' என்று கேட்கும்போது, 'அது மருந்தில்லையே' என்று நினைத்து மறைத்துவிடுவதுதான் நம் வழக்கம்.

மாத்திரை சாப்பிட்ட பின் நெஞ்சு படபடத்தால், கை நடுங்கினால், கடும் தலைவலி வந்தால் உடனே நிறுத்த வேண்டும். நெஞ்சு வலித்தாலோ, மூச்சு முட்டினாலோ, பேச்சு குழறினாலோ, மயக்கம் வந்தாலோ தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கூடவே அந்தப் பாட்டிலையும் எடுத்துப் போக வேண்டும். பிறகு புகார் செய்யவும் வேண்டும். காஜியாபாத்தில் உள்ள இந்திய மருந்தியல் ஆணையம் மருந்துகளின் பாதகமான விளைவுகளைப் பதிவு செய்கிறது. 1800-180-3024 என்ற எண்ணில் யாரும் இலவசமாகச் சொல்லலாம். நம் நாட்டில் மூலிகை மாத்திரைகளால் யாருக்கும் எதுவும் ஆனதில்லை என்று விற்பவர்கள் சொல்வார்கள். மெட்டபோலைஃபும் அதைத்தான் சொன்னது. 14,684 பேர் எழுதி வைத்திருந்ததால்தான் அது பொய் என்று தெரிந்தது.

எபிட்ரா ஆபத்தானது என்று அமெரிக்க அரசு நிரூபிக்க, துணை உணவுச் சட்டம் வந்த நாளிலிருந்து ஏறத்தாழ பத்தாண்டுகள் பிடித்தன. அந்தப் பத்தாண்டுகளில் சாட்சிக் கூண்டில் ஏறியவர்கள் மாத்திரையை விழுங்கியவர்கள்தான். சிலர் பிணமாக ஏறினார்கள். பாதுகாப்பானது என்று நிரூபிக்கும் கடமை விற்பவருக்கு இல்லையென்றால், ஆபத்தானது என்று நிரூபிக்கும் வேலை வாங்குபவரின் உடம்புக்கு வந்து சேரும். அடுத்த முறை 'மூலிகைதானே' என்று யாராவது பாட்டிலை நீட்டினால், அந்த வேலைக்கு நம் உடம்பை நேர்ந்துவிடச் சம்மதமா என்று ஒரு கணம் யோசித்துக்கொள்ளலாம்.